ஆனியின் பழமரங்கள்

பிரதீப் கிருஷன் இயக்கி அருந்ததி ராய் எழுதிய ‘இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்’ 1989இல் தூர்தர்ஷன் பின்னிரவில் காட்டிய படம். திரைக்கதைக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

எழுபதுகளின் டில்லி. கட்டடக்கலை மாணவர்கள் இறுதித் தீஸிஸை முடிக்கும் நாட்கள். ஐந்தாம் ஆண்டிலேயே வருஷக்கணக்காகத் தேங்கிவிட்டவன் ஆனி. ரயில் பாதையின் இருபுறமும் பழமரங்கள் நடவேண்டும் என்பது அவன் கனவு. உரம், அங்கே ஒதுங்கும் ஜனங்கள் தருவது. தண்ணீர், ஓடும் ரயில் தெளிப்பது.

சிரிக்கிறோம். பிறகு உறுத்துகிறது. தீஸிஸ்தான் ஒரு மாணவன் எவர் காசுக்கும் கட்டுப்படாமல் போடும் கடைசி வரைபடம். அடுத்த கோட்டிலிருந்து பணம் தருகிறவன் வந்துவிடுவான். ஆனியின் கனவுக்குப் பணம் தர யாருமில்லை. எனவே அது பைத்தியக்காரத்தனம் ஆகிவிடுகிறது.

ஆனால் படம் ஆனியை அளவுக்கு மேல் நேசிக்கிறது. ஜனங்கள் ஏன் தண்டவாளத்தோரம் ஒதுங்க நேர்கிறது என்று அவன் கேட்பதில்லை. அவலத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் மரம் வளர்க்கிறான். இந்தக் கேள்வியைச் சிரிப்பில் நழுவவிட்டதுதான் படத்தின் பலவீனம்.

டில்லியில் கட்டடக்கலை படித்த ராய் கட்டடம் கட்டப் போகவில்லை, எழுத வந்தார். 1997இல் நாவல். அடுத்து என்ன என்பதற்கு அவருடைய பதில் அது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பாங்க் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் அந்தக் கேள்வியை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனியைத் தோற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.