போச்சாது சொல்வதற்கு முன்

"போச்சாது உடு கண்ணு, அடுத்தது நல்லபடியா நிக்கும்." போச்சாது என்றால் பரவாயில்லை. கொங்கு வீடுகளில் கருவை இழந்தவளுக்கு முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான். பல்லடத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் படுத்திருந்த என் சித்தி மகளிடம், விவரம் தெரிந்த மூன்று பெண்கள் ஒரே நாளில் இதைச் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சித்தி சொன்னது வேறு: "வயித்துல கட்டிங்க, எடுத்துட்டாங்க."

கட்டி அல்ல. கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் இடது கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி இடம் மாறித் தங்கும். அவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குழாயில்தான். 1883-இல் பர்மிங்காமில் லாசன் டெய்ட் வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றும் வரை, இது பெரும்பாலும் சாவில்தான் முடிந்தது.

இன்று கோவையைச் சுற்றி இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் பெருமளவு குறைந்திருக்கிறது. மருத்துவர் சி. பழனிவேலு போன்றவர்களால் லேப்ராஸ்கோப்பி முன்னதாகவே வேரூன்றிய ஊர் இது. மூன்று சிறு துளைகள், ஒன்றிரண்டு நாளில் வீடு, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வழக்கமான வேலை. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் தழும்பு சிறிதாக இருப்பதாலேயே நடந்ததும் சிறிது என்று வீடு நினைத்துவிடுகிறது. ரத்தம் இழந்த உடம்பு தேற வாரக்கணக்கில் ஆகும், இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் வேண்டியிருக்கும்.

அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகும் நம் வழக்கத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. குடம் தூக்க வேண்டாம், மாவாட்ட வேண்டாம், மாமியார் வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ராகிக் களி, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி என்று சித்தி ஆக்கிப் போட்டதில் எந்த மருத்துவரும் குறை காண மாட்டார். கேட்காமலே தலையணையைத் திருப்பிப் போடும் கை எந்த மருத்துவமனையிலும் கிடைக்காது. இதை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

பிள்ளை பெற்றவளுக்கான பத்தியத்தை அப்படியே இவளுக்கும் போடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. தண்ணீரைக் குறை, பழம் ஆகாது, எழுந்து நடக்காதே. விளைவு மலச்சிக்கல். முக்கும்போதெல்லாம் வயிற்றுத் தையல் இழுக்கிறது. மூன்றாம் நாள் தோள்பட்டை வலித்தபோது "வாயு" என்று எண்ணெய் தேய்த்தார்கள். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. மெல்ல நடந்தால் சில நாளில் போய்விடும். இதை வீட்டுக்கு அனுப்பும்போதே யாராவது இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

யாரும் சொல்லவில்லை. மஞ்சப்பையில் இருந்த டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். எந்தக் குழாயை எடுத்தார்கள் என்று கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான். குழாயை எடுக்காமல் கருவை மட்டும் எடுத்திருந்தால் மிச்சத் திசு தங்கலாம். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இல்லாமல் போகும்வரை பரிசோதனை வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் மூன்று நாளுக்குள் ஆன்டி-டி ஊசி. இவையெல்லாம் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் மருத்துவம் ஆகிவிடுகின்றன.

மனதுக்கு வருவோம். லண்டன், லூவன் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கருச்சிதைவோ குழாய்க் கர்ப்பமோ நேர்ந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு மாதம் கழித்து 29 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள். ஒன்பது மாதம் கழித்தும் 18 விழுக்காட்டினரிடம். என் தங்கை சாதாரண வயிற்று வலிக்கும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். சாவின் பக்கம் போய் வந்த பயமும் பிள்ளை போன துக்கமும் அவளுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பிறப்புக்கும் இறப்புக்கும் நம்மிடம் ஆயிரம் சீர் உண்டு. இதற்கு ஒரு நாள்கூடக் குறிக்கப்படுவதில்லை. போச்சாது நல்ல சொல்தான். எனக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் அவள் அழத் தொடங்குவதற்கு முன்பே அதைச் சொன்னால் அழுகை உள்ளேயே நின்றுவிடும். பேச ஆளில்லாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையாவது அந்தத் தாளில் தமிழில் அச்சடித்துத் தரலாம்.

"கட்டி" என்று மறைப்பதற்குக் காசிலும் விலை உண்டு. அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்புத் தந்த 1961 மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவு என்றால் கர்ப்பமுற்ற கருப்பையில் இருப்பது வெளியேறுவது என்று வரையறுத்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் வரையறையும் அதுவாகவே இருந்தது. சொல்லுக்குச் சொல் படித்தால், கருப்பைக்கே வராத கரு இதில் அடங்காது. பெண்ணின் துயரை உறுப்பின் பெயரால் அளக்கும் இந்த வரையறையைத் திருத்தியே ஆக வேண்டும். கர்ப்பத்தால் வந்த நோய் என்ற வகையில் ஒரு மாதம்வரை கேட்க வழி இருந்தது. அதற்குச் சான்றிதழில் கர்ப்பம் என்ற சொல் வேண்டும். சூப்பர்வைசரிடம் கட்டி என்று சொன்னவள் அந்தச் சான்றிதழை எப்படி நீட்டுவாள்? சம்பளமில்லாமல்தான் வீட்டில் இருந்தாள்.

இனி அடுத்த கர்ப்பம். ஒரு குழாய் போனாலும், இதற்குப்பின் ஏறத்தாழ மூன்றில் இருவர் ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குள் கருப்பையிலேயே கருவுறுகிறார்கள். சுமார் பத்தில் ஒருவருக்குத் திரும்பவும் இடம் மாறலாம். அதனால் ஆறு, ஏழாவது வாரத்திலேயே ஸ்கேன் பார்த்தாக வேண்டும். நம் வழக்கமோ மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடாதே என்கிறது. கண்ணேறுக்குப் பயந்து பொத்திவைக்கும் அந்த வாரங்களில்தான் குழாய் வெடிக்கிறது.

இதைச் சித்தியிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த ஃபைலை எடுத்து வரச் சொல்லி, மேலட்டையில் என்னையே தமிழில் எழுதச் சொன்னார்: இடது குழாய் எடுத்தாயிற்று, நாள் தள்ளினால் உடனே ஸ்கேன். "ஊருக்கு மூணு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாமுங்க. டாக்டரம்மாவுக்கு அன்னைக்கே சொல்லிருவோம்" என்றார்.