புதிர்க் குறிப்பும் வினாவுத்தரமும்

குறுக்கெழுத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார் பலர். ஆராய்ச்சி ஏட்டில் அதற்கு இடம் உண்டோ என வினவுவாரும் உளர். சொல்லின் உருவையும் பொருளையும் ஒருசேர நோக்கச் செய்யும் எதுவும் மொழியாராய்ச்சிக்கு உரியதே என்பது எம் துணிபு. அன்றியும், சித்திரகவியை வெறும் சொல்வித்தை என்று திறனாய்வாளர் பலர் தள்ளிவிட்டனர். அத்தீர்ப்பு முற்றும் பொருந்துமா என ஆராய்தற்கும் இப்புதிர் ஒரு வாயிலாகின்றது.

ஆர்தர் வின் என்பார் அமைத்த முதற் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வோர்ல்டு’ என்னும் செய்தித்தாளில் வெளிவந்தது. அதன் குறிப்புகள் நேர்ப்பொருளையே வினவின. 1920களில் இங்கிலாந்தில் டார்க்கிமாடா என்னும் புனைபெயர் பூண்ட எட்வர்டு போவிஸ் மாதர்ஸ், பொருளை மறைத்துச் சொல்லைக் காட்டும் குறிப்புகளை வளர்த்தார். சிமெனீஸ் என்ற பெயரில் எழுதிய மக்நட் 1966இல் வெளியிட்ட நூலில் அவற்றுக்கு நெறிமுறை வகுத்தார். தமிழில் 1930களிலேயே ‘ஆனந்த விகடன்’ பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. ஆயினும் மறைபொருட் குறிப்புகளைத் தமிழெழுத்தின் இயல்புக்கு இயைய அமைக்கும் முயற்சி பிற்காலத்ததே. அமெரிக்கத் தமிழரின் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இவ்வகையில் குறிக்கத்தக்கவை.

மறைபொருட் குறிப்பின் அமைப்பு யாது? அஃது ஒரு சிறு தொடர். அதன் ஒரு பகுதி விடையின் பொருளைச் சுட்டும். மற்றொரு பகுதி விடையின் எழுத்துகளை ஆக்கிக்கொள்ளும் வழியைச் சுட்டும். இரண்டும் தம்முள் ஒட்டி நின்று, மூன்றாவதாக ஒரு பொய்ப்பொருளைத் தோற்றுவிக்கும். அப்பொய்ப்பொருளில் மயங்காது தொடரை உரிய இடத்தில் பிரிப்பவரே விடை காண்பர்.

இதனைச் சிலேடை என்று கூறுவாருமுளர். அது பொருந்தாது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் காளமேகம் பாடிய சிலேடையில் இரு பொருளும் மெய்யே. ஒன்று நிற்க மற்றொன்று வீழ்வதில்லை. புதிர்க் குறிப்பிலோ மேற்பொருள் வீழ்ந்தால் அன்றி உட்பொருள் எழாது. எனவே இதன் உறவைச் சித்திரகவியுள் வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

தண்டியலங்காரம் பன்னிரு சித்திரகவிகளைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் வினாவுத்தரம் ஒன்று. அதற்குக் காட்டப்படும் பாட்டில், திருமகள் பெயர், போகின்றவனை ஏவுவான் கூறும் சொல், போர்க்கணையின் பெயர், அழகின் பெயர் என நான்கு வினாக்கள் அடுக்கப்படுகின்றன. திரு, ஏகு, அம்பு, அம் என்பன விடைகள். அவை புணர்ந்து திருவேகம்பம் என்னும் சிவபெருமான் உறைவிடமாகின்றன. ஆங்கிலப் புதிரில் துண்டுகள் வடிவு கெடாமல் அருகருகே நிற்கும். ஈண்டோ திருவுக்கும் ஏகுக்கும் இடையே வகர உடம்படுமெய் தோன்றுகிறது. ஏகு, அம்பு என்பவற்றின் குற்றியலுகரம் கெடுகின்றது. தமிழ்ப் புதிரில் புணர்ச்சியே இணைப்பு வேலையைச் செய்கின்றது என்பது இதனால் தெளிவு.

இந்நெறி இன்றும் பயன்படுமாற்றைச் செட்டிநாட்டுச் சொற்கள் கொண்டு காட்டுவோம்.

‘சுவர்ப்பூச்சைப் பருகச் சொல்லும் ஊர் (5)’ என்பது ஒரு குறிப்பு. சுவர்ப்பூச்சு காரை, பருகச் சொல்லும் சொல் குடி. ‘ஏகு’ போலவே ‘குடி’யும் ஏவல்வினை ஆதல் காண்க. இரண்டையும் சேர்த்தால் நான்கெழுத்தே கிடைக்கும். குறிப்போ ஐந்தெழுத்து வேண்டுகின்றது. ஊர்ப்பெயராகப் புணருங்கால் ககர ஒற்று மிகுதலின் காரைக்குடி ஐந்தெழுத்தாயிற்று. ஊர்ப்பெயரைக் காரைச் செடியோடு இயைத்துக் கூறுவர். புதிர் அதனை மறைத்து, இந்நாட்டு மனைகளுக்குப் பெயர் தந்த சுண்ணாம்புக் காரையைக் காட்டி மயக்குகின்றது.

‘எவ்வளவு! முன்னிரண்டைக் கடந்தால் மனையின் நடுமுற்றம் (3)’ என்பது மற்றொன்று. ‘எவ்வளவு’ என்பதன் முதலிரண்டு எழுத்துகளை நீக்கின் ‘வளவு’ எஞ்சும். இஃது அக்கரச்சுதகத்தின் பாற்படும். திண்ணையையும் முகப்பையும் கடந்தே நகரத்தார் மனையின் வளவை அடைதல் வேண்டும். ஆதலின் இதன் மேற்பொருளும் உண்மையாகவே அமைந்தது. இத்தகைய குறிப்பு அரிது, அரிதாதலின் சிறப்புடையது.

‘தகவு நிலைமாறினால் வாயிலை அடைப்பது (3)’ என்பது மூன்றாவது. விடை கதவு. இங்கே ஓர் அடிப்படை வினா எழுகின்றது. மாறும் அலகு யாது? உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டால் தகவு என்னும் சொல் தன் வடிவு உட்பட ஆறு வகையாகவே நிற்கும். உயிரையும் மெய்யையும் பிரித்து, மெய்முன் உயிர்பின் என்னும் முறை மட்டும் மாறாமல் இடம்பெயர்த்தால் பதினெட்டு வடிவம் உண்டாம். அவற்றுள் ‘கதுவ’ என்பதும் பொருளுடைய சொல்லே. எந்த அலகு என்பது முன்னரே உறுதிப்படாவிடில் விடை காண்பவர் இருட்டில் துழாவ நேரும். பிரித்தறிதல் இலக்கணத்தார்க்கு உரிய முறை. கட்டத்தில் எழுதப்படுவதோ கண்ணுக்குப் புலனாகும் எழுத்து. ஆதலின் உயிர்மெய்யைப் பிளவாது கொள்ளுதலே தமிழ்ப் புதிருக்கு நேரிதாம். ஆங்கில எழுத்தின் தனிமையைத் தமிழெழுத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இனிப் புதிர்க் குறிப்பின் தரத்தை அளக்கும் கோல் யாது? மக்நட் நூலைத் தேடிச் செல்லுமுன் நன்னூலை நோக்குதல் நலம். பவணந்தியார் நூலுக்குரிய குற்றம் பத்து என்றார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை என்பன அவற்றுட் சில. இரண்டாம் குறிப்பை ‘எவ்வளவு பெரிதாயினும்’ எனத் தொடங்கின் ஓசை இனிதாகும். ஆயின் ‘பெரிதாயினும்’ என்னும் சொல் விடைக்கு எவ்வகையானும் உதவாது. அது நின்று பயனின்மை. மூன்றாம் குறிப்பில் ‘நிலைமாறினால்’ என்பதை நீக்கின், எழுத்து இடம்பெயர்தலுக்குச் சான்று இல்லை. அது குன்றக் கூறல்.

மயங்க வைத்தல் மட்டும் இங்கே குற்றமாகாது. அதுவே இக்கலையின் உயிர். ஆனால் அம்மயக்கமும் ஓர் எல்லைக்கு உட்பட்டது. விடை கண்டபின் ஒவ்வொரு சொல்லும் தன் கடமையைச் செய்தது என்று உணரும்படி மயக்குதல் வேண்டும். நூலில் மயக்கம் தெளிவைக் கெடுக்கும். புதிரில் மயக்கம் தெளிவை முன்னிட்டு நிற்கும்.

சித்திரகவிக்கும் புதிருக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தே புலனாகின்றது. வினாவுத்தரப் பாட்டில் வினவுவான் புலவன். விடை கூறுவானும் அவனே. திருவேகம்பம் என்னும் சொல் பாட்டின் முடிவிலேயே நிற்கின்றது. கற்பவர் வியந்து நிற்பது தவிர அவருக்கு வேறு செயலில்லை. சித்திரகவி பிற்காலத்தில் மதிப்பிழந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம். புதிர் அமைப்பவனோ வினவியபின் வாய் மூடுகின்றான். எஞ்சிய பாதியைக் கற்பவரிடம் ஒப்படைக்கின்றான். ஒப்படைத்தலின் அவனுக்கு நேர்மை என்னும் கடப்பாடு உண்டாகின்றது. புலவனுக்கு விதிக்கப்படாத இக்கடப்பாடே பழைய வித்தையைப் புதிய கலையாக்குகின்றது.

ஆகவே சித்திரகவி மீதான தீர்ப்பைச் சற்றுத் திருத்துதல் தகும். அவ்வணிகள் பாட்டின் உணர்ச்சிக்கு உதவாமல் இருக்கலாம். ஆயினும் சொல்லின் உறுப்புகளை அறியும் அறிவுக்கு அவை பயிற்சிக்களமாக இருந்தன. அப்பயிற்சியைப் புதிர் இன்று மாணவர் கையில் தருகின்றது. உடம்படுமெய்யும் குற்றியலுகரக் கேடும் வல்லொற்று மிகுதியும் நூற்பாவாகப் படிப்போர்க்கு நினைவில் நிற்பது அரிது. கட்டம் நான்கா ஐந்தா என்று எண்ணி, விடுபட்ட ககர ஒற்றைத் தாமே கண்டெடுத்த மாணவர் அவ்விதியை மறவார்.