ஆயிரம் பக்கத்தை யார் படிப்பது?

பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் 2012இல் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2014இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. அதை வாங்கி அலமாரியில் அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். முடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டால் மூன்று காரணம் வரும்: கரிசல் பேச்சு விளங்கலை, நீளம் தாங்கலை, கதைக்கு நடுவுல சரித்திரம் வந்து உக்காந்துக்குது.

இந்த மூன்றும் தனி அறையில் ஒற்றை ஆளாக வாசிக்கிறவனின் புகார்கள். அறையும் மேசையும் மின்விசிறியும் வைத்திருப்பவனை மனசில் வைத்துத்தான் இங்கே வாசிப்பு, விமர்சனம் எல்லாம் பேசப்படுகிறது. நம் சனங்களுக்கு எழுத்து அப்படி வரவில்லை. டீக்கடையிலும் சலூனிலும் ஒருத்தர் பேப்பரைச் சத்தம்போட்டுப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வாதம் பண்ணியதில்தான் அரசியல் சேரிக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் ஊரில் பாரதம் படித்தார்கள். அதை எட்ட நின்று கேட்டவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர் ‘அஞ்ஞாடி’யைச் சத்தம்போட்டு வாசித்தோம். ஞாயிறு சாயங்காலம், ஒரு டியூஷன் கொட்டகையில், எட்டு மாதம். கல்லூரி மாணவர்கள், இயக்கத் தோழர்கள், துப்புரவு வேலையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

நாவலின் நடுவில் இருப்பது பள்ளர் வீட்டு ஆண்டிக்கும் வண்ணார் வீட்டு மாரிக்கும் உள்ள சிநேகிதம். மாரி வீட்டுத் தொழில் வரும் இடங்களில் எம்.ஏ. படித்தவர்கள் முழித்தோம். அக்காவிடம் புத்தகம் கைமாறியது. உவர்மண் கரைத்த தண்ணியில் துணியை முக்கி, பானையைச் சுற்றி அடுக்கி, ராப்பூரா ஆவியில் வேகவைக்கிற வெள்ளாவியை விளக்கினார். தீட்டுத்துணி வெளுப்பது, மாத்துச்சேலை கொடுப்பது, பொழுது சாய்ந்தால் வீடுவீடாக ராச்சோறு எடுப்பது எல்லாம் வந்தது. அன்றைக்கு ஆறு பக்கந்தான் நகர்ந்தது. ‘கடினமான பிரதி’ என்று நம் விமர்சகர்கள் சொல்வது எனக்குப் புரிந்தது: அந்த அறிவு உள்ள ஆள் அவர்களுடைய அறைக்குள் இல்லை, அவ்வளவுதான்.

சண்டையும் வந்தது. ராச்சோறு பேச்சில் ஒரு மாணவர் கேட்டார்: “இதெல்லாம் எதுக்குக்கா? நம்மள நாமளே காட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கே.” இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது எழுந்த அதே கேள்வி. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணாரக் குடும்பத்தின் கதை அது. அக்கா நிதானமாகச் சொன்னார்: “எங்க ஆத்தா உங்க தெருவுலதான் தம்பி சோறு எடுத்தா. எடுக்கையில யாருக்கும் கூசல. படிக்கையில கூசுதா?”

யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவர் வந்து வாசித்தார். தனியாகப் படித்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். எதிரே அக்கா உட்கார்ந்திருக்கும்போது தள்ள முடியாது. தலித் ஒற்றுமை என்று மேடையில் சொல்லிவிடலாம். பள்ளரும் பறையரும் அருந்ததியரும் வண்ணாரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவர் சோற்றுக்கணக்கை மற்றவர் கேட்பது வேறு காரியம். நீளமான நாவல் அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கிறது. நாற்பது பக்கக் கதை என்றால் ஒரு சாயங்காலத்தில் கைதட்டிக் கலைந்திருப்போம்.

நாவல்மேல் எங்களுக்கு வழக்கும் உண்டு. கழுகுமலையில் 1895இல் நாடார்கள் ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதில் எட்டயபுரம் ஜமீன் ஆட்களோடு மோதல் வந்து கொலையில் முடிந்தது. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. இவற்றைப் பூமணி விரித்து எழுதுகிறார். அங்கே ஆண்டியும் மாரியும் ஒதுங்கிப் போகிறார்கள். “அந்தக் கலவரத்துல நம்மாளு எங்க நின்னான்?” என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நாவலில் அதற்குப் போதுமான பதில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பக்கங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். தெரு யாருடையது, சாமி யாருடையது என்ற வழக்கு முடிந்துவிட்டதா? கண்டதேவித் தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காக 1998இலிருந்து தலித்துகள் போராட வேண்டியிருந்தது. அன்றைக்குத் தெருவுக்காக அடிபட்ட சாதி பிறகு எப்படி மேலேறியது, ஏறினபின் கீழே நிற்பவனை எப்படிப் பார்த்தது என்று எங்கள் கொட்டகையில் இரண்டு வாரம் விவாதம் ஓடியது. சரித்திரம் கதையை மறிக்கிறது என்பவர்கள் இந்த விவாதத்துக்கு வந்திருக்க வேண்டும்.

பூமணி தன்மேல் தலித் எழுத்தாளர் என்ற முத்திரை குத்தப்படுவதை ஏற்காதவர். அது அவர் உரிமை. நாவலை யார் கூட்டி உட்கார்ந்து, என்ன கேள்வி கேட்டு வாசிப்பது என்பது நம் உரிமை.

தோழர்களே, வீட்டில் தூசி பிடிக்கும் தடித்த புத்தகத்தை எடுங்கள். தெருவில் பாய் விரித்துச் சத்தம்போட்டு வாசியுங்கள். எழுத்துத் தெரியாதவங்களை முன்னால உக்கார வையுங்க. விளங்காத சொல்லை அவங்ககிட்ட கேளுங்க. அவங்க திருப்பிக் கேக்குற கேள்விக்குப் பதில் வெச்சிருங்க.