முதலடியும் முடிவும்

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலை மேடைதோறும் முழங்குகிறோம். முதலடியோடு நின்றும் விடுகிறோம். உலகோர் யாவரும் உறவினர் என்னும் அவ்வடி ஒரு விழைவு. அவ்வுறவு நிலைபெறும் வழியைப் பாடலின் முடிவே கூறுகிறது.

நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்று புலவர் சொல்லுமிடத்து ஓர் ஐயம் எழும். அவரது பூங்குன்றம், இன்று மகிபாலன்பட்டி என வழங்குவது, நம் சிவகங்கைச் சீமையிலேயே உள்ளது. 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கும்பினிப் படை கொன்றதும், 1801இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இம்மண்ணில்தான். அத்தீமையும் பிறரால் வந்ததன்று எனலாமோ?

எனலாகாது. அவ்வடி தன் வினையைத் தானே ஆராய்வோர்க்கு உரியது, கொடியோரை விடுவிப்பதன்று. ஆற்றுநீர் இழுத்துச் செல்லும் தெப்பமே வாழ்க்கை என்று காட்டிய புலவர், ஆகவே வலியாரைக் கண்டு மலைக்கவும் வேண்டா, எளியாரைத் தாழ்வாக எண்ணுதல் அதனினும் ஆகாது என்று முடிக்கிறார். எளியாரை இகழ்ந்த பின்னரே ஒருவன் அவர்தம் மண்ணில் படை நடத்துகிறான். வலியாரை வியப்போர் அவன்பின் அணிவகுக்கின்றனர்.

ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட், நிலைத்த அமைதி குறித்து 1795இல் எழுதிய நூலில், குடியரசாட்சி, நாடுகளின் கூட்டமைப்பு, அயலாரை ஏற்கும் நெறி ஆகியவற்றை வற்புறுத்தினார். சட்டம் இன்றியமையாதது, ஆயின் இகழ்ச்சி நெஞ்சில் உள்ளவரை உடன்படிக்கை வெறுங் காகிதமே. 1945இல் ஐ.நா. சாசனம் பிறந்த பின்னும் போர் ஓய்ந்ததில்லை.

உடன்படிக்கையும் பணிவும் ஒருங்கே அமைந்த சான்று ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் உண்டு. குறைஷியர் மறுத்தமையால், 'அல்லாஹ்வின் தூதர்' என்னும் தம் சிறப்புப் பெயரையே ஏட்டினின்று நீக்க இசைந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். திருக்குர்ஆனின் 48ஆம் அத்தியாயம் சுட்டும் வெற்றி இதுவே என்பர் விரிவுரையாளர்.

மாணவர்க்கு முதலடியைக் கற்பிக்கும் ஆசிரியர், முடிவையும் மனனஞ் செய்விப்பாராக.