‘டைமிங் என்ன?’

பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்த களங்களைக் கூரம் செப்பேடு பெயர் சொல்லி அடுக்குகிறது: பரியலம், மணிமங்கலம், சூரமாரம். வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அதில் தேடிப் பயனில்லை. வென்றதைச் சொல்வதுதான் செப்பேட்டின் வேலை. அந்த மணிமங்கலத்துச் சாலையில் இன்று ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போய் வருகின்றன. ஞாயிறு மதியம் சென்னை வட்டார ஓட்டக் குழுக்களில் சுற்றும் ரிசல்ட் பட்டியலும் ஏறக்குறைய செப்பேட்டு வகைதான். பெயர், தூரம், நேரம், கீழே வரிசையாக வாழ்த்து.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது எளிது. மூன்று மணி நேரம் எடுத்து 21.1 கிலோமீட்டர் ஓடியவருக்கு எதற்கு இத்தனை கைதட்டல் என்று கேட்கலாம். கேட்பவர்கள் இதற்கு முன் இங்கே ஓட்டம் என்னவாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் முதல் மூவருக்குப் பரிசு. நான்காவதாக வந்தவன் பெயர் மைக்கில் வராது. அதற்குப் பிறகு ஓட்டம் எதிர்ப்படுவது போலீஸ் செலக்‌ஷனில். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஒரு நொடி கூடினால் வீட்டுக்குப் போகலாம். படப்பை, மணிமங்கலம் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடும் இளைஞனைப் பார்த்தால், “செலக்‌ஷனுக்கா தம்பி?” என்றுதான் இன்னமும் கேட்கத் தோன்றும். வேலைக்காக ஓடலாம், பரிசுக்காக ஓடலாம். நாற்பது வயதில் சும்மா ஓடுவதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்கள் இதைத்தான் மாற்றின. யாரோடு போட்டி என்ற கேள்விக்கு, போன வருஷம் ஓடிய என்னோடுதான் என்ற பதிலை அவை பழக்கப்படுத்தின. ஐம்பது வயதில் முதல் 10 கே முடித்த பெண்ணும் மூன்றரை மணியில் மாரத்தான் முடித்தவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகிறார்கள். அந்தப் பெண்ணின் பத்து கிலோமீட்டருக்கு என்ன விலை என்பது, வாரக்கணக்கில் கூட ஓடியவர்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஆகவே அந்தக் கைதட்டலில் பெரும்பகுதி வெறும் உபசாரம் அல்ல. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாராட்டு போய் ஒட்டிக்கொள்வது நேரம் என்ற எண்ணில். அந்த எண் தோன்றும் அளவுக்கு உறுதியானது அல்ல. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது, ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் ஜூலையில். அதே கால், அதே பயிற்சி என்றாலும் ஜூலைப் புழுக்கத்தில் நிமிடக் கணக்கில் தாமதமாகும். பட்டியலில் புழுக்கத்துக்குக் கட்டம் கிடையாது. பாதையை முறைப்படி அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் எண்ணியைப் பொருத்தி, வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். நாமோ தண்ணீர் மேஜைக்கு ஒரு பக்கம், நிழலுக்கு ஒரு பக்கம் என்று ஓடிவிட்டு, வாட்ச் 21.4 காட்டுகிறது, பாதையை நீட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறோம். பாதை குறைந்துபோய்ப் புதிய பெர்சனல் பெஸ்ட் கிடைத்த அன்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, பாராட்டு ஓட்டத்தை முடித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்வது. பாதியில் நின்றவர் அன்று குழுவில் வாய் திறப்பதில்லை. மற்றவர்களும் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்க மாரத்தான், அரை மாரத்தான்களில் ஓடிய ஏறத்தாழ 1.09 கோடிப் பேரை வைத்து ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இதயத் துடிப்பு நின்று விழுந்தவர்கள் 59 பேர். மிகச் சிறிய எண்தான், பயந்து ஓட்டத்தை விட வேண்டியதில்லை. ஆனால் அவர்களில் 42 பேர் பிழைக்கவில்லை. தலை சுற்றும்போது, நெஞ்சு இறுகும்போது நின்றுவிடுவது ஓட்டக்காரருக்கு வேண்டிய திறமைகளிலேயே கடினமானது. அதற்குக் கைதட்ட நம்மிடம் இன்னும் வழக்கம் இல்லை.

பட்டியலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வீடு சேரும்போது நள்ளிரவு. மாரத்தான் தொடங்குவது விடியும் முன்பே, அதுவும் நகரத்தின் மறுகோடியில். அந்நேரத்தில் மணிமங்கலத்திலிருந்து அங்கே கொண்டு சேர்க்கும் பஸ் கிடையாது. பதிவுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலோடு ஓடுகிறவரையும், வார இறுதியில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவரையும் ஒரே கடிகாரம் அளக்கிறது. ரிசல்ட் பட்டியல் உடல் திறனைக் காட்டுகிறது என்கிறோம். அது ஓய்வு நேரத்தையும் காட்டுகிறது.

அப்படியானால் நேரத்தையே எடுத்துவிடலாமா? 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் அந்த வழியில் போனது: போட்டி இல்லை, பரிசு இல்லை, ஓடும் மகிழ்ச்சிதான் எல்லாம். 2004-ல் லண்டனில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் ஓட்ட அமைப்பு, 2024-ல் தன் இணையப் பக்கங்களிலிருந்து பாதைச் சாதனைப் பட்டியல்களை நீக்கியது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கையில் வாட்ச் இருக்கும்வரை நேரம் எப்படியும் உள்ளே வந்துவிடும். போன தடவையைவிட இரண்டு நிமிடம் குறைந்ததில் உள்ள குஷியை மறுப்பதும் ஒருவகைப் பாசாங்கு. அமைச்சராக இருந்தபோதும் ஓட்டத்தை விடாத மா.சுப்பிரமணியன் விஷயத்தில் செய்தியாவது நேரம் அல்ல, நூறைத் தாண்டிய அரை மாரத்தான்களின் எண்ணிக்கை. வயதானால் வேகம் குறையும், எண்ணிக்கை குறையாது என்ற வகையில் அது கொஞ்சம் கருணையான கணக்கு. கணக்கை ஏற்றுவதற்காகவே வாராவாரம் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கருணையும் உதவாது.

எண்கள் இருக்கட்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும்: எந்தச் சூழலில் ஓடினார், எங்கே நிறுத்தினார். “நைட் ஷிஃப்ட் முடித்து வந்தேன், 14-வது கிலோமீட்டரில் தலை சுற்றியது, நின்றுவிட்டேன்” என்று ஒரு வரி வந்தால், அடுத்து ஓடப்போகிறவருக்கு அது பத்து மெடல் படங்களைவிடப் பயன்படும். அதற்குக் கீழேயும் முதல் ஆளாக யாராவது, “அடுத்த வாட்டி முடிச்சிடுவீங்க பாருங்க” என்று ஆறுதல் எழுதத்தான் செய்வார்கள். அந்த ஆறுதல் வரியை எழுதாமல் இருக்கப் பழகவே ஒரு முழு சீசன் பிடிக்கும்.