‘உம்’ போய் ‘அல்லது’ வந்தது: கல்யாணக் கோப்பு ஒன்றின் வாசிப்பு

1

இலக்கியம் அல்லாத ஒன்றை முதன்முறையாக மொழிபெயர்த்தபோதுதான், விமர்சனம் என்கிற தொழில் எங்கெங்கெல்லாம் நடக்கிறது என்பது எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பம். பெண்ணுக்குக் கல்யாணம் இங்கேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை கனடாக் குடியுரிமை பெற்றவர், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்காரர். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப்போய் மனைவியை ‘ஸ்பொன்சர்’ செய்ய விண்ணப்பித்தார். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத தாள்களை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் உறுதிமொழியோடு வைக்க வேண்டும். குடும்பத்தார் மொழிபெயர்க்கக்கூடாது. “நீங்கள் தமிழ் எம்.ஏ. படிச்சனீங்கள்தானே அக்கா, இங்கிலீசும் வரும்” என்று அந்தப் பெண் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பையில் கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, இவற்றோடு அவர்களுடைய வாட்ஸப் பேச்சை அச்செடுத்த கற்றை ஒன்று. வாசித்தேன். காதல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அவள் அவர் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. “இஞ்சாருங்கோ, சாப்பிட்டிட்டீங்களோ”, “ஓம்”, “அங்கை குளிரோ”, “அம்மாவுக்குப் பிரசர் குளிசை வாங்கியாச்சு”. இதுதான் மாதக்கணக்காக. இதை வைத்து இவர்கள் கணவன் மனைவி என்று எப்படி நிரூபிப்பது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தேகம் எனக்கு வந்ததே எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

2

ஒரு பிரதியின் பொருளை அதை எழுதியவனின் நோக்கத்தில் தேடாதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் 1990களில் அந்தக் கருமாதியை ஆளுக்கொரு முறை செய்து முடித்தன. ஆனால் விசா அலுவலகத்தில் ஆசிரியன் சாகவில்லை. சாக விடுவதாகவும் இல்லை. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வியே நோக்கம்தான்: எதற்காகக் கல்யாணம் செய்தாய்?

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2002இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 4ஆம் பிரிவு பொய்க் கல்யாணத்தைப் பற்றியது. 2002இல் அதன் சாரம் இது: கல்யாணம் மெய்யானதாக இல்லாமலும், குடிவரவுத் தகுதியைப் பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதாகவும் இருந்தால், அவர் துணைவராகக் கருதப்பட மாட்டார். 2010 செப்டம்பர் 30 அன்று இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த ‘உம்’ போய், அந்த இடத்தில் ‘அல்லது’ வந்தது. கல்யாணம் குடிவரவை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டிருந்தாலும் தள்ளுபடி. அல்லது, மெய்யானதாக இல்லாவிட்டாலும் தள்ளுபடி.

இலக்கண வகுப்பில் எண்ணும்மையைப் பத்து நிமிடத்தில் கடந்துபோய்விடுவோம். இங்கே அது எத்தனை வீட்டைத் தாங்கியது என்று பாருங்கள். ‘உம்’ இருந்தவரை தம்பதிகள் இரண்டில் ஒன்றை நிரூபித்தால் போதும். ஆரம்பம் எப்படியிருந்தாலும் இப்போது மெய்யாகவே வாழ்கிறோம் என்று காட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். ‘அல்லது’ வந்தபின் இரண்டையும் நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கு கவனிக்கத்தக்கது. ‘செய்யப்பட்டது’ என்பது இறந்தகாலம். ‘மெய்யானது’ என்பது நிகழ்காலம். நோக்கத்தைக் கல்யாணம் நடந்த அன்றைக்கு வைத்துப் பார்க்கிறார்கள், மெய்ம்மையை இன்றைக்கு வைத்துப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் ‘அல்லது’ நிற்பதால், பின்னால் வந்த அன்பு முன்னால் இருந்த நோக்கத்தைத் திருத்த முடியாது. பின்னால் நடந்தவை முன்பிருந்த நோக்கத்துக்குச் சாட்சி ஆகலாம், அவ்வளவுதான்.

நம்முடைய பேசிச் செய்யும் கல்யாணத்தின் காலவரிசை என்ன? முதலில் கல்யாணம், பிறகுதான், நேர்ந்தால், காதல். பெண் பார்க்க வந்த அன்று அன்பு எதுவும் இருப்பதில்லை. வேலை, சம்பளம், சாதி, ஜாதகம், எந்த ஊரில் குடித்தனம் என்பதெல்லாம் இருக்கின்றன. திருச்சிக்காரன் சென்னையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைத் தேடினால் அது பொறுப்பு. போரில் ஊரை இழந்த குடும்பம் கனடா மாப்பிள்ளையைத் தேடினால் அது நோக்கம். பேசிச் செய்யும் கல்யாணத்தை அந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று கனடா நீதிமன்றங்கள் சொல்லத்தான் சொல்கின்றன. ஆனால் நோக்கங்களுக்குள் ‘முதன்மை’ எது என்று பிரித்தெடுக்கச் சொல்வதிலேயே ஒரு கதையாடல் ஒளிந்திருக்கிறது: இரண்டு தனிமனிதர்கள் சந்தித்தார்கள், விரும்பினார்கள், அதனால் மணந்தார்கள். விண்ணப்பப் படிவம் இந்த வரிசையில்தான் கேட்கிறது. எப்போது சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், உறவு எப்படி வளர்ந்தது. அது ஒரு நாவலின் சட்டகம். நம்மிடம் இருப்பதோ வேறொரு வகைமை.

3

இது கனடாவின் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனில் 1980களில் தொடங்கி 1997 ஜூன்வரை ‘முதன்மை நோக்க விதி’ என்றே ஒன்று இருந்தது. பிரிட்டனுக்குள் வருவது தன் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று வருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எப்படி? இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போன கணவர்கள்மீதுதான் அது பெரிதும் பாய்ந்தது. பெண்கள் தங்கள் கணவர்களை வரவழைப்பதற்கு மட்டும் கூடுதல் தடை வைத்திருந்தது பாலினப் பாகுபாடு என்று 1985 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டன் அரசு என்ன செய்தது? கணவர்களுக்கான தடையை நீக்கவில்லை. மனைவிகளுக்கும் அதே தடையை நீட்டிச் சமத்துவத்தை நிலைநாட்டியது.

அதற்கும் முன்னால், 1979 ஜனவரியில், மணமுடிக்கப்போகும் ஓர் இந்தியப் பெண்ணை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அன்றைக்குச் சாட்சி உடலில் தேடப்பட்டது. பிறகு நோக்கத்தில். 2012 முதல் பிரிட்டனில் அது சம்பளச் சீட்டில்: துணைவரை வரவழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு என்று வைத்தார்கள், 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்த்தினார்கள். கனடாவில் துணைவருக்கு மட்டும் என்றால் பொதுவாக இப்படி வருமான வரம்பு கிடையாது. அங்கே கதைதான் வரம்பு.

மேற்கத்திய சமூகம் பாலியல் பற்றிய உண்மையை உற்பத்தி செய்ய ஒப்புதல் வாக்குமூலத்தைக் கருவியாக்கிக்கொண்டது என்று மிஷல் ஃபூக்கோ 1976இல் எழுதினார். அந்த வாக்குமூலத்துக்கு இப்போது இணைப்புகள் உண்டு: புகைப்படம், தொலைபேசிப் பட்டியல், பணம் அனுப்பிய ரசீது, விமானச் சீட்டு. ஐயரும் அக்கினியும் மூன்று தட்டு மேடையும் ஐந்நூறு பேரும் இருக்கும் படம் ‘நன்றாக வாசிக்கப்படும்’ என்று தரகர்கள் சொல்லித் தருகிறார்கள். மாலை மாற்றிக்கொண்டு முடிந்துபோகும் சுயமரியாதைத் திருமணத்தைத் தமிழ்நாட்டில் 1967இல் சட்டம் செல்லுபடியாக்கியது. ஆடம்பரம் வேண்டாம் என்று செய்யப்பட்ட அந்தக் கல்யாணம் இந்தக் கோப்பில் ஏழைச் சாட்சி. சடங்கு மறுப்பு சந்தேகமாக வாசிக்கப்பட, சடங்கு மெய்ம்மையின் குறிப்பான் ஆகிறது. புரோகிதரை நாம் வெளியேற்றிய இடத்தில் குடிவரவு அதிகாரி அவரைத் திரும்ப உட்கார வைக்கிறார்.

4

இங்கே தொல்காப்பியக் கற்பியலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகுதான் ‘ஐயர்’ கரணத்தை வகுத்தார்கள் என்கிறது அந்த நூற்பா. ஒன்றைச் செய்துவிட்டு இல்லை என்பது பொய். செய்ததற்குக் கடைசிவரை நிற்காமல் நழுவுவது வழு என்கிற விதமாக இளம்பூரணர் உரை போகிறது. ஆக, தமிழிலும் கல்யாணச் சடங்கு சந்தேகத்திலிருந்துதான் பிறந்திருக்கிறது. குறுந்தொகையில் கபிலரின் தலைவிக்கு அவன் வந்துபோனதற்கு ஒரு கொக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. கரணம் அந்தக் கொக்கின் இடத்தில் ஊரை வைத்தது.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். பொய், வழு இரண்டும் செயலைப் பற்றியவை, செயலுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றியவை. நீ எதற்காக இவளை விரும்பினாய் என்று கரணம் கேட்கவில்லை. இனிமேல் நீ மறுக்க முடியாது என்று கட்டிப்போடுகிறது. அது எதிர்காலத்தைப் பார்க்கிற சாட்சி. 4ஆம் பிரிவு இறந்தகாலத்தைத் தோண்டுகிற சாட்சி. முன்னது, ஏமாற்றப்படக்கூடிய பெண்ணின் பக்கம் நின்று சந்தேகப்பட்டது; பின்னது எல்லைக்கோட்டின் பக்கம் நின்று சந்தேகப்படுகிறது.

கரணத்தை வகுத்த ‘ஐயர்’ யார், அவர்கள் யாருடைய கல்யாணத்தைக் கல்யாணம் என்று ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்காமல் இதை இலட்சியமாக்க நான் தயாரில்லை. சாதிக்கு வெளியே மணந்தவளைக் கேட்டுப் பாருங்கள், நம் ஊரே ஒரு விசா அலுவலகம் என்பாள். சந்தேகம் யாருக்காக என்பதுதான் என் கேள்வி.

பொய்க் கல்யாணம் இல்லவே இல்லையா? இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தாலி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. சீதனமும் நகையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவன், விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறான். அந்தப் பெண் வருடக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த மாப்பிள்ளையின் நோக்கத்தை 4ஆம் பிரிவு கேட்பதில்லை. அவன் எல்லையைத் தொந்தரவு செய்யவில்லையே.

உள்ளே போனவளின் நிலையும் யோசிக்கத்தக்கது. ஸ்பொன்சர் செய்கிறவர் துணைவரின் அடிப்படைத் தேவைகளுக்கு மூன்று வருடம் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார். 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல்வரை இன்னொரு நிபந்தனையும் இருந்தது: உறவு தொடங்கி இரண்டு வருடம் தாண்டாத, பொதுவான குழந்தை இல்லாத தம்பதிகள் என்றால், நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகும் இரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தாக வேண்டும். அடிக்கிற கணவனிடமிருந்து வெளியேற விதிவிலக்கு இருந்தது. ஆனால் அடி வாங்கியதற்கும் சாட்சி காட்ட வேண்டியிருந்தது. பொய்க் கல்யாணத்தைப் பிடிக்கப் போட்ட வலை, மெய்யாகவே மணந்து மெய்யாகவே மாட்டிக்கொண்டவளையும் பிடித்து வைத்தது. பெண்கள் அமைப்புகள் பேசிப் பேசித்தான் அது போனது.

5

மொழிபெயர்ப்புக்குத் திரும்புகிறேன். அந்தக் கற்றையை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் அவர் அவளை ‘நீங்கள்’ என்கிறார். மூன்றாம் மாதம், அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு இரவில், “நீர் குளிசை போட்டனீரோ” என்று வருகிறது. அதற்குப் பிறகு ‘நீங்கள்’ இல்லவே இல்லை, ‘நீர்’தான். யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவிக்குள் அந்த ‘நீர்’ எவ்வளவு தூரம் நடந்து வந்த சொல் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். உறவு எப்படி வளர்ந்தது என்று படிவம் கேட்கிறதே, பதில் அங்கே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘நீங்கள்’ளும் ‘நீர்’உம் ‘யூ’தான். மொழிபெயர்த்தவுடன் சாட்சி காணாமல் போய்விட்டது.

நான் என்ன செய்தேன்? பயந்துபோய் ஈடுகட்டினேன். ‘இஞ்சாருங்கோ’ வந்த இடமெல்லாம் ‘மை டியர்’ என்று போட்டேன். இங்கே பாருங்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் இல்லை. ஆனாலும் பெயர் சொல்லாத ஒருத்தி வைத்திருந்த ஒரே விளி அதுதான். அதை எடுத்துவிட்டு, வாசிக்கப்போகிறவருக்குப் பழக்கமான சொல்லை வைத்துவிட்டேன். மொழிபெயர்ப்பு உண்மையானது என்று உறுதிமொழிக்கும் தயாரானேன். மெய்யான கல்யாணம் ஒன்றை மெய் என்று காட்டுவதற்காக முதல் பொய்யை எழுதியவள் நான். அதிகாரி எந்த நாவலை எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதே நாவல்களைப் படித்து வளர்ந்தவள்தானே நானும். முதல் வாசிப்பில் எனக்கு வந்த சந்தேகமும் அங்கிருந்துதான் வந்தது.

“இஞ்சாருங்கோவுக்கு என்னெண்டு எழுதினீங்கள் அக்கா?” என்று அவள் கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “நேர்காணலிலை கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? அப்பிடி நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆரோ வேறை ஆள் எண்டெல்லோ நினைப்பினம்.”

எல்லாப் பக்கத்தையும் திரும்ப அடித்தேன். ‘இஞ்சாருங்கோ’வை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்து, முதல் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் சேர்த்தேன்: அந்த விளியைப் பற்றி ஒன்று, ‘நீங்கள்’ ‘நீர்’ ஆன தேதியைப் பற்றி ஒன்று. அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். என் எம்.ஏ. பட்டத்துக்கு இதுவரை கிடைத்த வேலைகளில் உபயோகமானது அந்த இரண்டு குறிப்புகள்தான் என்று நினைக்கிறேன். கோப்பு போயிருக்கிறது. குறிப்புகளை அதிகாரி வாசிப்பாரா, தாண்டிப் போவாரா என்பது அவருடைய வாசிப்பைப் பொறுத்தது.