சட்டை யாருக்காக?

நடுக்கடலில் போகிற ஒரு போர்க்கப்பலில், மாலுமி யாரிடமிருந்து ஒளிய வேண்டும்? கப்பலே மாடிக் கட்டடம் மாதிரி நிற்கிறது. ராடாரில் பளிச்சென்று தெரிகிறது. அதன் மேல்தளத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன் மறைந்தால் என்ன, தெரிந்தால் என்ன?

இருந்தாலும் அமெரிக்கக் கடற்படை, 2008 கடைசியில் ஆரம்பித்து, நீலமும் சாம்பலும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக இறைத்த ராணுவ டிசைனில் புது வேலை உடையைக் கொடுத்தது. கோப்புகளில் அதன் பெயர் நேவி வொர்க்கிங் யூனிஃபார்ம், டைப் ஒன்று. மாலுமிகள் வைத்த பெயர் ப்ளூபெர்ரி. இதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் விழுந்தால் தேடி வருகிறவனுக்குத்தான் ஆள் தெரியாது என்பது அவர்களுடைய ஜோக். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வராது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒளிந்துகொள்ள என்று கடற்படை சொல்லவில்லை. கப்பலில் புழங்கும் பெயின்ட்களின் நிறங்களையே உடைக்கும் வைத்தால் கறை தெரியாது, துணி ரொம்ப நாள் உழைக்கும், இஸ்திரி போட வேண்டாம், ஏழு வகை வேலை உடைகளுக்குப் பதில் ஒன்றே போதும் என்றார்கள். கணக்குப் படித்தவன் காதுக்கு இனிமையான வாதம். ஆனால், ஒரு விஷயம் இடிக்கிறது. 2002-ல் மரீன்கள் கட்டம் போட்ட உருமறைப்பு உடைக்கு மாறினார்கள். பின்னாலேயே தரைப்படை மாறியது. பக்கத்து வீட்டில் வாங்கினால் நம் வீட்டிலும் வேண்டாமா? அந்தப் பத்து வருடத்தில் அமெரிக்கப் படைகளின் உருமறைப்பு டிசைன்கள் இரண்டிலிருந்து ஏழாகப் பெருகியதாக, அரசின் தணிக்கை அமைப்பே 2012-ல் அறிக்கை கொடுத்தது.

அதற்கு முன்னால் என்ன போட்டார்கள்? டங்கரி. நம்ம ஊர்ச் சரக்குதான். மும்பையின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணியின் பெயர்தான் இங்கிலீஷுக்குப் போய் டங்கரி ஆனது. 1901-ல் டெனிம் சட்டை, பேன்ட்டுக்கு அமெரிக்கக் கடற்படை அனுமதி கொடுத்தது. வெளிர்நீலச் சட்டையும், கீழே அகன்ற பெல்பாட்டமும் தொண்ணூறுகளின் கடைசிவரை தாக்குப்பிடித்தன. எழுபதுகளில் நம் ஹீரோக்கள் டூயட்டுக்குப் போட்ட பெல்பாட்டம், கப்பலில் தளம் கழுவும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட வசதியான உடை. தண்ணீரில் விழுந்தால் பூட்ஸோடு உருவி எறியலாம். எறியக்கூட வேண்டாம். கால் பக்கங்களை முடிச்சுப் போட்டு, தலைக்கு மேல் வீசிக் காற்றைப் பிடித்தால் அதுவே மிதவை. பயிற்சி முகாமில் இதைச் சொல்லியே கொடுத்தார்கள்.

பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கு 1748-லேயே சீருடை வந்துவிட்டது. சாதாரண மாலுமிக்கு 1857-ல்தான். நடுவில் நூறு வருடத்துக்கு மேல் அவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கப்பல் ஸ்டோரில் வாங்கிப் போட்டான், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கவலைப்படாததில் ஒரு நன்மை: அவன் உடையை அவன் வேலையே தீர்மானித்தது. பின்னால் வந்த சீருடைச் சட்டம் பெரும்பாலும் அந்தப் பழக்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுதான்.

ப்ளூபெர்ரிக்கு வருவோம். பாதி நைலான், பாதி பருத்தி. நைலான் சேர்த்தால் சீக்கிரம் கிழியாது. ஆனால், கப்பலுக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி நெருப்பு. 1967 ஜூலை 29 அன்று வியட்நாம் கரையோரம் நின்ற ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் பிடித்த தீயில் 134 பேர் செத்தார்கள். அப்படியொரு சரித்திரம் உள்ள கடற்படை, 2012-ல் இந்தத் துணியில் தீ வைத்துச் சோதித்தது. அது முழுசாகத் தீரும்வரை எரிந்தது. நைலான் உருகிச் சொட்டியது. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. தீ தாங்கும் உடை எல்லோருக்கும் கட்டாயமில்லை, இயந்திர அறை போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்பது அன்றைய கொள்கை. தீ அப்படி அறை பார்த்தா பரவும்?

அதன் பிறகுதான் கடலில் இருக்கும்போது தீ தாங்கும் கவரால் வந்தது. 2016-ல் ப்ளூபெர்ரியைக் கைவிடுவதாக அறிவித்து, 2019 அக்டோபரோடு மூட்டை கட்டினார்கள். கரையில் போட்டுக்கொள்ள வந்த மாற்று உடை? காட்டுப் பச்சையில், அதே கட்டம் கட்டமான டிசைன். அதுவும் பாதி நைலான்.

வேலை உடைக்கு அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டங்கரியும் அழகாகத்தான் இருந்தது. ஆனால், போட்டிருப்பவனுடைய மிக மோசமான பத்து நிமிஷத்தை நினைத்து அதைத் தைக்க வேண்டும். அடுத்த சாம்பிளைக் கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்ப்பதற்கு முன், ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கலாம். பெரிய செலவில்லை.